கானாவில் பிள்ளைகளுக்கு ஒரு வார முகாம்: தொடக்கத்திலிருந்து கடைசி நாள் வரை

கானாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்ன விளையாட்டு வைக்கலாம், என்ன பரிசு வாங்கிப் போகலாம் என்றுதான். அதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் எங்கிருந்து வரும், ராத்திரி 2 மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் யார் எங்கே தூக்கிக்கொண்டு போவது, ஊர்ப் பெரியவர்களிடம் யார் போய்ச் சொல்வது, இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மற்றதைப் பேசுவோம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாம் அந்த ஊர்க்காரர்களுடையதாக இருக்க வேண்டும். நாம் போய்க் கூடமாட நின்று கைகொடுக்கிறவர்கள், அவ்வளவுதான். கீழே சொல்வது முழுக்க இந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான்.

கணக்குச் சொல்ல வசதியாக ஒரு முகாமை எடுத்துக்கொள்கிறேன்: 9 முதல் 14 வயது வரை 60 பிள்ளைகள், 15 பெரியவர்கள், ஏழு நாள், தெற்குக் கானாவில் ஒரு விடுதிப் பள்ளி வளாகம், ஆகஸ்ட் மாதம்.

நாட்டைப் பற்றிக் கொஞ்சம்

மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கரையில், கினி வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் நாடு கானா. மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, வடக்கே புர்கினா ஃபாசோ. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 3 கோடியே 8 லட்சம் பேர். 2019 இலிருந்து 16 பிராந்தியங்கள். தலைநகர் அக்ரா கடற்கரையில், அசாந்தே மக்களின் குமாசி நடுவில், டமாலே வடக்கே. ஆங்கிலேயர் 'கோல்ட் கோஸ்ட்' என்று அழைத்த இந்தக் குடியேற்ற நாடு 1957 மார்ச் 6 அன்று குவாமே நிக்ருமாவின் தலைமையில் விடுதலை பெற்றது, 1960 ஜூலை 1 அன்று குடியரசானது. சகாராவுக்குத் தெற்கே ஐரோப்பிய ஆட்சியிலிருந்து அந்தக் காலத்தில் முதலில் விடுபட்ட நாடுகளில் ஒன்று என்பதால் அந்தத் தேதிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு, எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சட்டென்று சொல்லும். பழைய கானா பேரரசு இன்றைய மொரிட்டேனியா, மாலிப் பக்கம் இருந்தது. புதிய நாடு அந்தப் பெயரைப் பெருமைக்காக எடுத்துக்கொண்டது.

ஆட்சி மொழி ஆங்கிலம். ஆனால் அதை நம்பி மட்டும் முகாமுக்குப் போய்விடாதீர்கள். வீட்டில் ட்வி, ஃபான்டே, ஏவே, கா, டக்பானி என்று பேசுகிற ஒன்பது வயதுப் பிள்ளை, வயிறு வலிக்கிறது என்பதையும் பயமாக இருக்கிறது என்பதையும் தன் மொழியில்தான் சொல்லும். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தப் பகுதி மொழி பேசும் ஒருவர் கட்டாயம் வேண்டும். 2021 கணக்குப்படி 100 பேரில் 71 பேர் கிறித்தவர்கள், சுமார் 20 பேர் முஸ்லிம்கள். ஒரே வீட்டில் இரண்டு சமயத்தவரும் இருப்பது அங்கே புதிதில்லை. ஆகவே பொது வழிபாடு வைத்தால் எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாமல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் ஒதுக்கி, சமையலில் பன்றி இறைச்சியைத் தவிர்த்துவிட்டால் சங்கடம் வராது.

அங்கே பணத்தின் பெயர் 'செடி' (cedi), அதன் நூறில் ஒரு பங்கு பெசெவா. சந்தையில் தக்காளி விற்கும் அம்மாவும் கைபேசிப் பணத்தை, அதாவது 'மோமோ'வை, வாங்கிக்கொள்வார். நேரம் கிரீன்விச் நேரமேதான், இந்தியாவைவிட ஐந்தரை மணி பின்னால். கிரீன்விச் கோடே டெமா துறைமுக நகரத்தின் வழியாகப் போகிறது.

1. யாரோடு சேர்வது

தனியாக ஒரு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு முகாம் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே அங்கே பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்: பள்ளிகள், தேவாலயங்களின் இளையோர் அமைப்புகள், மசூதியைச் சேர்ந்த குழுக்கள், சாரணர், சாரணியர். அவர்களில் பதிவு பெற்ற ஒருவரோடு சேருங்கள். முகாம் தலைவராக அவர்களில் ஒருவர் இருக்கட்டும், செலவுக் கணக்கும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அனாதை இல்லங்களில் போய் முகாம் நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்குள்ள இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது, அல்லது பாட்டி, அத்தை, மாமா என்று யாராவது இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்க அரசே சீர்திருத்தம் ஒன்றை நடத்திவருகிறது. வெளிநாட்டு விருந்தினர் வரவர, இல்லத்தில் பிள்ளைகளை வைத்திருப்பதே வருமானமாகிப்போகும் ஆபத்து இருக்கிறது. அதோடு, ஒரு வாரம் பாசம் காட்டிவிட்டுப் போய்விடுகிற மனிதர்களை மாறி மாறிப் பார்க்கிற குழந்தையின் மனசு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வந்து, ஒரு வாரம் ஆடிப்பாடி, வீட்டுக்கே திரும்பிப் போகிற பிள்ளைக்கு நடத்துங்கள்.

2. எப்போது நடத்துவது

பள்ளி விடுமுறைத் தேதிகளைக் கானா கல்விச் சேவை ஆண்டுதோறும் அறிவிக்கும், அவை மாறிக்கொண்டே இருப்பவை. நீண்ட விடுமுறை பொதுவாக ஆகஸ்ட்டை ஒட்டி வரும், தெற்கில் முகாமுக்கு அதுவே நல்ல காலம். அங்கே மழை இரண்டு பருவம்: ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பெரிய மழை, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை சின்ன மழை. நடுவில் ஆகஸ்டில் கொஞ்சம் ஓய்வு, வெயிலும் தணிந்திருக்கும். வடக்கே கதை வேறு. அங்கே ஒரே மழைக்காலம்தான், ஆகஸ்ட் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும், மண் சாலைகள் அறுந்துபோகும். டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகலாம் என்றால் அப்போது சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வரும். பகலெல்லாம் புழுதி, உதடு வெடிக்கும், இரவில் குளிரும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் திணறுவார்கள்.

ஊர்த் திருவிழாக்களையும் பார்த்துத் தேதி குறியுங்கள். அக்ராவின் கா மக்கள் ஹோமோவோ திருவிழாவுக்கு முன், மே, ஜூனை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் பறை, மேளம், ஒலிபெருக்கி எதையும் அனுமதிப்பதில்லை. முகாம் என்று சொல்லி அந்த நாட்களில் மேளம் அடித்தால் ஊரே கோபப்படும், அதில் நியாயமும் இருக்கிறது. கேப் கோஸ்டில் செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஃபேத்து அஃபாஹ்யே திருவிழா. அன்று அந்த நகரத்துக்குள் பேருந்தை ஓட்டிப் போக நினைக்காதீர்கள்.

3. இடமும் தண்ணீரும்

கானாவில் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் விடுதி உண்டு, விடுமுறையில் அவை காலியாக இருக்கும். இரட்டைக் கட்டில், சமையல்கூடம், மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் தயாராக இருக்கும். கூடாரம் அடித்துத் தங்கும் ஆசையை விட்டுவிட்டு இதையே எடுங்கள்.

இடத்தைப் போய்ப் பார்க்கும்போது முதலில் குழாயைத் திறந்து பாருங்கள். வருகிறது என்றால், வாரத்தில் எத்தனை நாள் வரும் என்று காவலாளியைக் கேளுங்கள், அவர்தான் உண்மையைச் சொல்வார். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் 75 பேருக்கு நாளுக்கு 1,500 லிட்டர் ஆகிறது. மேல்நிலைத் தொட்டியை அங்கே 'பாலிடேங்க்' என்பார்கள். அது குறைந்தது இரண்டு நாள் தேவையைத் தாங்க வேண்டும், தண்ணீர் லாரிக்காரரின் எண் கையில் இருக்க வேண்டும். குடிக்க, கடைகளில் விற்கும் அரை லிட்டர் பைத்தண்ணீர். ஒரு மூட்டையில் 30 பை, அதாவது 15 லிட்டர். ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 225 லிட்டர், 15 மூட்டை. ஏழு நாளைக்கு 105 மூட்டையை நிழலில் அடுக்கி வைக்க இடம் பாருங்கள். காலிப் பைகளைப் போட முதல் நாளே பெரிய சாக்குகளைக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் மைதானம் முழுக்க பிளாஸ்டிக்தான்.

கை கழுவ 'வெரோனிக்கா வாளி' வாங்குங்கள். மூடிபோட்ட வாளியின் அடியில் ஒரு குழாய், கீழே அழுக்குத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பாத்திரம், பக்கத்தில் சோப்பு. கானா விஞ்ஞானி வெரோனிக்கா பெக்கோ உருவாக்கியது, அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் எல்லாரும் கையை முக்கிக் கழுவும் வழக்கத்தை மாற்றத்தான் அவர் இதைச் செய்தார். கொரோனா காலத்தில் கடை வாசல், பேருந்து நிலையம் என்று எங்கும் இதுதான் நின்றது. கழிப்பறைக்குப் பக்கத்தில் இரண்டு, சாப்பாட்டு அறை வாசலில் மூன்று போதும்.

மின்சாரம் போய்ப் போய் வரும். அங்கே அதற்கு 'டும்சோர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சூரியசக்தி விளக்கு ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, கழிப்பறைப் பாதைக்கு இரண்டு வாங்கி வையுங்கள்.

4. ஊர்த்தலைவரும் அனுமதிகளும்

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் சமூகநலத் துறை அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இவை தாள் வேலை, உள்ளூர் அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

ஊர்த்தலைவரைப் பார்க்கப் போவது அப்படி முடிகிற வேலை இல்லை. நிதானமாகச் செய்ய வேண்டும். அகான் மக்கள் வாழும் பகுதிகளில் தலைவரை 'நானா' என்று அழைப்பார்கள். அவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது, 'ஒச்சேயமே' என்னும் பேச்சாளர் வழியாகத்தான் சொல்வதும் கேட்பதும். ஷ்னாப்ஸ் புட்டி கொண்டுபோவது வழக்கம். நீங்கள் மது தொடாதவராக இருந்தாலும் அதை உள்ளூர் நண்பர் கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. உள்ளே போனதும் வலது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வலது கையால் கைகொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு உட்காரச் சொல்வார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்களாக முகாமைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். கேட்டதும், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள், யார் பொறுப்பு என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த நாளே யார் வீட்டில் நல்ல சமையல், எந்தப் பாதையில் பாம்பு நடமாட்டம், எந்த ஆற்றில் இறங்கக் கூடாது என்று ஊரே வந்து சொல்லும்.

பெற்றோர் கூட்டம் ஒன்று தனியாக வையுங்கள். ஒப்புதல் படிவத்தை அங்கேயே படித்துக் காட்டி, அவர்கள் மொழியில் விளக்கி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். படம் எடுக்கச் சம்மதமா என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கட்டும். கடைசி நாள் பிள்ளையை அழைத்துப்போக வருபவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், வேறு யார் வந்து நின்றாலும் அனுப்பக் கூடாது.

5. பிள்ளைகளின் பாதுகாப்பு

1998 ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி கானாவில் 18 வயதுக்குக் குறைந்த எல்லாருமே பிள்ளைகள்தான். ஆகவே உதவிக்கு வரும் 16, 17 வயதுக்காரர்களையும் பெரியவர் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள், மீதிப் பெரியவர்கள் சமையல், மருத்துவம், காவல். வெளிநாட்டிலிருந்து வருபவர் உட்பட எல்லாரிடமும் காவல்துறைச் சான்றிதழ் கேளுங்கள். அக்ராவில் குற்றப் புலனாய்வுத் துறைத் தலைமையகத்தில் உள்ளூர்க்காரர்கள் வாங்கலாம். மனத்தாங்கல் வருமே என்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் விடுதியில் பெண்கள் மட்டும். பிள்ளை ஒன்று தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதை அப்படியே எழுதி, முகாம் தலைவர் மூலம் காவல்துறையின் குடும்ப வன்முறை, பாதிக்கப்பட்டோர் ஆதரவுப் பிரிவுக்கும் சமூகநல அலுவலருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். வோல்டா ஏரிப் பகுதியில் சில பிள்ளைகள் வீட்டை விட்டு அனுப்பப்பட்டு மீன்பிடிப் படகுகளில் வேலை செய்வது உண்டு. அப்படி ஒரு பிள்ளை முகாமுக்கு வந்தால், ஒரு வாரம் முடிந்ததும் அது எங்கே திரும்பிப் போகிறது என்பதை முகாம் தொடங்குமுன் சமூகநல அலுவலரோடு பேசிவிட வேண்டும்.

அப்புறம், பிரம்பு. கல்விச் சேவை பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் பழக்கம் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. பயிற்சி நாளில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். அடி, முட்டி போடவைத்தல், வெயிலில் நிற்கவைத்தல் எதுவும் கிடையாது என்று உள்ளூர்த் தலைவரே தன் வாயால் சொல்லட்டும். நாம் சொன்னால் வெளியூர்க்காரர் உபதேசமாகப் போய்விடும்.

6. காய்ச்சல், சிக்கிள் செல், நீர்

மலேரியா நாடு முழுக்க, ஆண்டு முழுக்க உண்டு. 2019 இல் முதல் மலேரியா தடுப்பூசியைச் சோதனையாகக் கொடுக்கத் தொடங்கிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் கானாவும் ஒன்று. ஆர்21 என்ற அடுத்த தடுப்பூசிக்கு 2023 ஏப்ரலில் உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்ததும் அதே நாடுதான். ஆனால் இவை கைக்குழந்தைகளுக்கானவை, முகாம் வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போட்டிருக்க மாட்டார்கள். எனவே கட்டிலுக்கு ஒரு மருந்து தோய்த்த வலை. இரட்டைக் கட்டிலில் மேல் தட்டுக்கு உத்தரத்திலிருந்தும், கீழ்த் தட்டுக்கு மேல் கட்டிலின் சட்டத்திலிருந்தும் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். விளக்கணைக்கும் முன் ஒருவர் கட்டில் கட்டிலாகப் போய் ஓரம் செருகியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் வலை இருந்தும் பயன் இல்லை.

காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. அன்றே ரத்தச் சோதனை. கிராமங்களில் 'சிப்ஸ்' என்று அழைக்கப்படும் சமுதாய நலக் கூடங்களில் விரைவுச் சோதனை செய்து மருந்து கொடுப்பார்கள். சோதிக்காமல் மலேரியா மாத்திரை கொடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் அறவே வேண்டாம். தேசிய மருத்துவக் காப்பீட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சந்தா கிடையாது, அதனால் காப்பீட்டு அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். அவசர எண் 112. ஆம்புலன்ஸை மட்டும் நம்பாமல் ஒரு வண்டியும் ஓட்டுநரும் ஏழு இரவும் வளாகத்திலேயே தங்க ஏற்பாடு செய்துவிடுங்கள். பட்ஜெட்டில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தோன்றாத ஒன்று சிக்கிள் செல் நோய். கானாவில் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேருக்கு இது உண்டு. அப்படியானால் 60 பேரில் ஒருவராவது இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்வதால் எலும்பில் தாங்கமுடியாத வலி வரும். உடம்பில் தண்ணீர் குறைவது, குளிர்ந்த நீரில் நெடுநேரம் கிடப்பது, மூச்சிரைக்க ஓடுவது, காய்ச்சல், இவையெல்லாம் வலியைக் கிளப்பிவிடும். படிவத்தில் இதற்கென்று ஒரு கேள்வி கட்டாயம். பெற்றோருக்கு இந்த நோயின் எஸ்எஸ், எஸ்சி என்ற வகையே தெரிந்திருக்கும். இந்தப் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். அடிக்கடி தண்ணீர், நிழலில் இடைவேளை, அதிகாலையில் வெந்நீர்க் குளியல், வேண்டுமென்றபோது நிறுத்திக்கொள்ளும் உரிமை, இவ்வளவும் கொடுத்தால் அவர்களும் ஆடுவார்கள். காய்ச்சலோ, நெஞ்சுவலியோ, அடங்காத எலும்பு வலியோ வந்தால் கிராமக் கூடத்துக்குப் போகாமல் நேரே மாவட்ட மருத்துவமனைக்கு.

நீரைப் பற்றிச் சுருக்கமாக: கடலில் இறங்கவே வேண்டாம். கானாக் கரையில் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் பலமானது. வோல்டா ஏரியிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் நத்தையால் பரவும் பில்ஹார்சியா புழு உண்டு.

7. சாப்பாடு

விடுதிப் பள்ளியின் சமையல் பொறுப்பாளர் அம்மாவை 'மேட்ரன்' என்பார்கள். அவரையே அமர்த்திவிடுங்கள், நமக்குப் பட்டியல் போடும் வேலைகூட இல்லை. காலையில் இஞ்சி, மிளகு சேர்த்த கம்பங்கூழான ஹௌசா கோகோவும், தட்டைப்பயறை அரைத்துச் சுட்ட கோஸேயும். மதியம் சோறும் தட்டைப்பயறும் ஒன்றாக வெந்த வாச்சே, அல்லது தக்காளியில் வெந்த ஜொலோஃப் சோறு. இரவில் புளித்த மக்காச்சோள மாவில் செய்த கென்கேயோ பாங்குவோ, மீனும் மிளகாய் அரைப்பும். ஒருநாள் பனை எண்ணெயில் பயறுக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும் சேர்ந்த 'ரெட் ரெட்', அன்று தட்டு மிச்சமில்லாமல் காலியாகும். நிலக்கடலை பல குழம்புகளில் சேரும் என்பதால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயரைச் சமையலறைச் சுவரிலேயே ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து பிஸ்கட், சாக்லேட் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோக வேண்டாம். பந்து, கயிறு, சுண்ணாம்புக்கட்டி, நோட்டு எல்லாம் அக்ராவின் மகோலா சந்தையிலும் குமாசியின் கெஜேட்டியாவிலும் கிடைக்கும், அந்தக் காசு அந்த ஊரிலேயே சுற்றட்டும்.

8. ஒரு நாள் எப்படிப் போகும்

அங்கே பிள்ளைகள் விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்கிப் பழகியவர்கள். ஐந்தரைக்கு மணி அடித்தால் போதும். குழுவாக வளாகம் பெருக்குதல், குளியல், ஏழரைக்குச் சாப்பாடு. எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை கற்றல், கைவேலை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கட்டாய ஓய்வு. இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், வெயில் உச்சியில் ஓடவிட்டுத்தான் பாதிப் பிள்ளைகள் படுத்துவிடுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு விளையாட்டு. இரவு கதை, ஒன்பதுக்குள் விளக்கணைப்பு.

விளையாட்டு சொல்லிக்கொடுக்க நாம் எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் 'ஆம்பே' ஆடுவார்கள்: இருவர் எதிரெதிரே நின்று கைதட்டிக் குதித்து ஒரே நேரத்தில் ஒரு காலை முன்னே நீட்ட வேண்டும், இருவரின் கால்களும் பொருந்தி வந்தால் ஒருவருக்குப் புள்ளி, மாறி வந்தால் மற்றவருக்கு. 'பிலோலோ'வில் குச்சிகளை ஒளித்துவைத்துத் தேடி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். 'சாஸ்கெலே' நசுக்கிய தகரக் குவளையும் கட்டையும் வைத்து ஆடும் ஆட்டம். 'அந்தோஆச்சிரே'யில் எல்லாரும் வட்டமாக உட்கார, ஒருவர் பின்னால் ஓடிவந்து யார் முதுகுக்குப் பின்னாவது துணியைப் போட்டுவிடுவார், நம் ஊர் குலைகுலையா முந்திரிக்கா ஆடியவர்கள் உடனே உட்கார்ந்துவிடலாம். 'ஓவாரே'யும் அப்படித்தான் நமக்கு நெருக்கம்: வரிசைக்கு 6 குழி, இரண்டு வரிசை, குழிக்கு 4 விதையாக 48 விதை. நமது பல்லாங்குழி அறிந்தவருக்கு விதைகளை வழித்துப் போட்டுக்கொண்டே போகும் கை தானாக வரும், விதிகள்தான் வேறு. ஒரு பிள்ளையிடம் தோற்றுப் பாருங்கள், அன்றிலிருந்து அது உங்களைவிட்டு நகராது.

நாட்டைப் பற்றிய பாடத்தைப் பாடமாக நடத்தாதீர்கள். முதல் நாள் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கானா வரைபடம் பெரிதாக வரைந்து, 16 பிராந்தியங்களையும் பிரித்து, தாத்தா பாட்டியின் ஊர் எதுவோ அதில் போய் நிற்கச் சொல்லுங்கள். தெற்கு நகரங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்கைப் பற்றி அதிகம் தெரிந்திருக்காது. வடக்கு மூலையில் நிற்கிற ஒருவன் தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது மற்றவர்கள் கேட்கும் கேள்விகளே அந்தக் காலைக்குப் போதும். இரண்டாம் நாள் பிறந்த கிழமைப்படி குழு பிரியுங்கள். அகான் மக்களில் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. சனிக்கு குவாமே, அமா. ஞாயிறுக்கு குவாசி, அகோசுவா. ஐநா பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் எந்தக் கிழமை பிறந்தார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். உங்கள் பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள், உங்களுக்கும் பெயர் வைப்பார்கள்.

கைவேலைக்கு, துணியில் அச்சிடும் அடின்க்ரா முத்திரை நல்லது. உண்மையான முத்திரையைச் சுரைக்காய் ஓட்டில் செதுக்குவார்கள், முகாமில் உருளைக்கிழங்கை வெட்டிச் செய்யலாம். பின்னால் திரும்பிப் பார்க்கும் பறவை வடிவான சங்கோஃபாவை எல்லாரும் கேட்பார்கள், கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்துக் கென்டே நெசவின் அமைப்பைக் காட்டலாம். பக்கத்தில் நெசவாளர் யாராவது இருந்தால் கூலி கொடுத்து ஒரு காலைக்கு அழையுங்கள்.

இரவில் அனான்சே. சிலந்தியும் மனிதனுமான இந்தத் தந்திரக்காரனின் கதைகளை ஊரில் வயதானவர்கள் யாராவது அற்புதமாகச் சொல்வார்கள். உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேறத் தவிக்கிறான் அனான்சே. கீழே நிற்கும் மகன், "அப்பா, முதுகில் கட்டிக்கொண்டால் ஏறலாமே" என்கிறான். கோபத்தில் பானை விழுந்து உடைய, அறிவு எல்லாருக்கும் சிதறிப்போகிறது. கதைக்கு நடுவில் கேட்பவர்கள் எழுந்து ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார்கள், கதை நின்று, எல்லாரும் பாடி, பிறகு தொடரும். அது குறுக்கீடு இல்லை, முறையே அதுதான். நேரமாகிறதென்று அடக்காதீர்கள்.

இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை. இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் கையசைப்பதும் அங்கே அவமரியாதை. நாமும் அப்படியே வளர்ந்தவர்கள்தான் என்பதால் சிரமம் இருக்காது. ஆனால் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை எழுதும்போதும் வரையும்போதும் யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஒருநாள் வெளியே

ஒரே ஒரு சுற்றுலா போதும், இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். அங்கே இரவுச் சாலைப் பயணம் பெரிய ஆபத்து. கேப் கோஸ்டுக்கு வடக்கே காக்கும் தேசியப் பூங்காவில் மரங்களின் உச்சியில் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. 350 மீட்டர் நீளம், 7 பாலங்கள், சில இடங்களில் தரையிலிருந்து 40 மீட்டர் உயரம். பயந்த பிள்ளையைத் தள்ளாதீர்கள், கீழே காட்டுப் பாதையில் நடக்க ஒரு பெரியவரை விட்டுவையுங்கள். கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளுக்கு 12 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் அழைத்துப்போவதே சரி என்பது என் எண்ணம். எல்மினாவை 1482 இல் போர்த்துகீசியர் கட்டினார்கள். பிறகு அதன் நிலவறைகளில் மனிதர்களை அடைத்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் பேருந்தில் மௌனமாக இருப்பார்கள், அன்று மாலை வேறு எதுவும் வைக்காமல் அவர்கள் மொழியில் பேச ஆசிரியர் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

குமாசிப் பக்கம் முகாம் என்றால் போசும்ட்வி ஏரிக்குப் போங்கள். சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளம், இன்று சுற்றிலும் மலையும் நடுவில் ஏரியும். இரும்பு தண்ணீரைத் தொடக்கூடாது என்ற பழைய நம்பிக்கையால் மீனவர்கள் மரப்பலகை மேல் படுத்தும் உட்கார்ந்தும் கையால் துழாவிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். விண்வெளியும் மீன்பிடியும் ஒரே மேட்டில் நின்று பேசக் கிடைக்கும் இடம், எனக்கு இதுதான் முதல் தேர்வு.

10. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும், ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். திரும்பி வரும்போதும் அந்த மஞ்சள் அட்டை கையில் இருக்க வேண்டும், இல்லாதவர்களை இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுமுன்னே தொடங்குங்கள். விசா விண்ணப்பத்தில் வரும் நோக்கத்தை உள்ளபடி எழுதி, அங்குள்ள அமைப்பின் அழைப்புக் கடிதத்தை இணையுங்கள்.

11. கடைசி நாளும் அதற்குப் பின்னும்

பெற்றோர் வந்ததும் பிள்ளைகளே ஆடி, பாடி, செய்ததைக் காட்டட்டும். நம் பேச்சு ஐந்து நிமிடம் போதும். கூட்டம் கலையும் நேரத்தில்தான் பிள்ளை தவறிப்போகும், அதனால் ஒரே வாசல், ஒரே மேசை, பட்டியலில் பெயர் உள்ளவரின் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஒவ்வொரு பிள்ளையும் வெளியே போக வேண்டும். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் மீதி மாத்திரையையும் வேளைக் கணக்கையும் நேரில் சொல்லிக் கொடுங்கள்.

மிஞ்சிய வலை, விளக்கு, பந்து, வாளி எல்லாம் பட்டியலோடு பள்ளிக்கே. செலவுக் கணக்கை ஊர்த்தலைவர் முன்னிலையில் படித்துவிடுங்கள், செடி பெசெவா வரை. அடுத்த ஆண்டும் நடத்துவதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் வளாகத்தை இப்போதே கேட்டு வைத்துவிட்டு, தேதியை மட்டும் கல்விச் சேவை நாட்காட்டி வந்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வருவோமா என்று தெரியாதென்றால், வருவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.